அதே முட்டியா?

டெரன்ஸ்,

மூன்று வருடமாக உன் எண்ணைத் தடுத்து வைத்திருந்தேன். இன்று அந்தத் தடையை எடுத்துவிட்டேன். ஆனாலும் இதைப் பேச்சில் சொல்ல வாய் வராது.

ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கக் கால்பந்துப் போட்டியில் நான் பனியில் விழுந்தது நடிப்பு. உங்கள் ஆட்கள் மூச்சுவிட நேரம் தராமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றினால் ஒருவன் அடிபட்டதுபோல் படுக்க வேண்டும். ஆட்டம் நிற்கும், மற்றவர்கள் இளைப்பாறுவார்கள். அன்று என் முறை.

"எந்திரிடா நடிகா" என்று அரங்கமே கூச்சல் போட்டது. அடிபட்டவனுக்காக வழக்கப்படி இரண்டு அணியும் முட்டிபோட்டன. நீ மட்டும்தான் எதிரணியிலிருந்து ஓடி வந்தாய்.

"டேய், அதே முட்டியாடா?"

என் முட்டியைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டாய். மூன்று வருடம் முன்பு ஒரு ஆட்டத்தில் என் காலில் பாய்ந்து நீ முட்டியை உடைத்தது வேண்டுமென்றேதான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். வேண்டுமென்று உடைத்தவன் அப்படிக் கேட்க மாட்டான்.

"இல்லடா, சும்மா பிடிச்சுக்கிச்சு" என்று அப்போதும் பொய்தான் சொன்னேன்.

கடைசி நேரத்தில் பயிற்சியாளர் என்னைப் பார்த்து மறுபடி தொப்பியைக் கழற்றினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். ஆட்டம் நிற்கவில்லை; நீங்கள் பந்தோடு எங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டி, டச் டவுன் அடித்து ஜெயித்தீர்கள்.

"கண்ணு தெரியலையா உனக்கு?" என்றார் பயிற்சியாளர்.

"நல்லாத் தெரிஞ்சுது சார்."

நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போனதுபோல் இருக்கிறது. நீ கேட்டதற்குப் பதில்: அந்த முட்டி வலிப்பது நின்று இரண்டு வருடமாகிறது. உன்னிடம் மட்டும்தான் சொல்லவில்லை.

இப்படிக்கு,
கல்லூரி விடுதியில் உன் கட்டிலுக்கு மேல்கட்டிலில் கிடந்தவன்