பாலத்துக்கு ஏழு கண்

மார்ச் 3, செவ்வாய்

பெரியவன் எனக்குச் சுற்றுலாச் சீட்டு எடுத்துவிட்டான். கேட்கவில்லை, எடுத்துவிட்டு வந்து சொல்கிறான். பக்கத்து நாட்டை ஐந்து நாளில் பதினொரு ஊராகச் சுற்றிக் காட்டும் பேருந்தாம். "உனக்குத்தானேம்மா ரொம்ப நாளா ஆசை?" என்கிறான்.

ஐந்து நாளில் பதினொரு ஊர்! அது ஊர் பார்ப்பதா, தலை எண்ணுவதா?

என் ஆசை என்ன என்று பெற்ற பிள்ளையிடம் எத்தனை முறைதான் சொல்வது? காரில் போக வேண்டும். நாளுக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் கூடாது. பிடித்த இடத்தில் இறங்கி, அலுக்கும் வரை உட்கார வேண்டும். அந்த நாட்டு ஆற்றுப் பாலத்தின் கண்களை, தண்ணீர் போகும் வளைவுகளை, நானே எண்ண வேண்டும். பேருந்து அங்கே நிற்காது. விசாரித்துவிட்டேன்.

மார்ச் 5

சீட்டை ரத்து செய்யச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். வைத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 11, புதன்

"அந்தப் பாலத்துல அப்படி என்னதான் இருக்கு அத்தை?" என்று மருமகள் கேட்டாள். சொன்னேன். இங்கும் எழுதி வைக்கிறேன்.

அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் மெய்ப்புப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கழிவுத் தாள்களைப் படித்தே மொழி கற்றவள். அந்த நாட்டுப் பயண வழிகாட்டியின் முதல் நாலு பதிப்பும் என் கை வழியாகத்தான் போயின. மலைக்கோட்டைக்கு எத்தனை வாசல், ஏரிக்கரை மடத்தில் எத்தனை மணி தொங்குகிறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். நாலாம் பதிப்பில்தான் முதல்முறையாகப் படங்கள் சேர்த்தார்கள். அதில் 'ஒன்பது கண் பாலம்' என்றிருந்தது. எதிர்ப் பக்கத்துப் படத்தில் எண்ணினேன். ஏழு. ஒன்பதை அடித்துவிட்டு ஏழு என்று திருத்தினேன். எழுத்தும் படமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதானே என் வேலை?

தப்பு என்று எவரோ ஒரு வாசகர் கடிதம் போட்டார். பதினாலு பேர் நடுவில் முதலாளி சொன்னார்: "பள்ளிக்கூடம் ஒழுங்காப் போகாத ஆளை நம்பினா இதுதான் கதி." அந்த வாரமே வழிகாட்டியைப் பிடுங்கிக்கொண்டு, நாட்காட்டிக்கும் ரசீதுப் புத்தகத்துக்கும் என்னை மாற்றினார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "நீங்க போய் எண்ணுனீங்களா?" ரசீதுப் புத்தகக் கட்டை என் பக்கம் தள்ளினார்.

மருமகள் ஃபோனை எடுத்தாள். "இதுல பார்த்துடலாமே அத்தை."

உள்ளே வை என்றேன். அதுவும் எவரோ அச்சடித்ததைப் பார்த்து எவரோ ஏற்றியதுதான். என் கண் போதும்.

மார்ச் 19

நாத்தனார் வந்தாள். அவள்தான் கார் ஓட்டப்போகிறாள். இருபத்திரண்டு வருடம் பள்ளி வேன் ஓட்டியவள். சாலையோரம் பை மாட்டிக்கொண்டு கிழவர் நின்றாலும் அவள் கால் பிரேக்குக்குப் போய்விடும். எனக்கு ஏற்ற ஆள்.

சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடத்தை விரித்தோம். மொத்தம் இருபத்தொரு நாள்.

"பாலம்தானே அண்ணி உங்களுக்கு வேணும்? முதல்ல நேரா அங்கயே போயிடலாமே."

"பக்கம் தாண்டிப் படிச்சு எனக்குப் பழக்கமில்ல."

"அப்ப கோட்டை, ஏரி, மடம், பழைய கடைத்தெரு, அப்புறம் பாலம். பன்னிரண்டாவது நாள்." பென்சிலைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: "ஒன்பதா இருந்துட்டா?"

"இருக்காது."

வரைபடத்தை மடித்தேன். மடிப்பு தப்பாக விழுந்தது.

மார்ச் 27

என் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறான் பெரியவன். பத்திரமா இருக்கட்டும்னுதானாம்! யாருகிட்ட இருந்து பத்திரம்? அறுபத்தொன்பது வயசுல நான் என்ன சின்னப் பிள்ளையா, என் கையில இருக்கறதப் பிடுங்கி ஒளிச்சு வைக்க?

நேரே அவன் அலுவலகத்துக்குப் போனேன். "யாரைப் பார்க்கணும் மேடம்?" என்றாள் வாசல் மேசைப் பெண். "என் பாஸ்போர்ட்டை" என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தேன். அவனுடைய மேலதிகாரி கடந்து போகும்போதெல்லாம் எழுந்து வணக்கம் வைத்தேன். மூன்றாவது வணக்கத்துக்குப் பாஸ்போர்ட் வந்தது.

"மானத்த வாங்கறியேம்மா!"

"நான் இதை மட்டும்தான் வாங்க வந்தேன்."

படி இறங்கும்போது பின்னாலிருந்து கேட்டான்: "மாத்திரை எடுத்து வெச்சியா?" திரும்பிப் பார்க்கவில்லை. எடுத்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 9

கிளம்பிவிட்டோம். மடியில் நாலாம் பதிப்பின் மெய்ப்புத் தாள்கள். நான் சிவப்பு மையில் திருத்திய அதே தாள்கள்.

ஏப்ரல் 13

மலைக்கோட்டை. புத்தகத்தில் ஐந்து வாசல், இங்கும் ஐந்து. உச்சியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தோம். ஒரு பேருந்துக் கூட்டம் மூச்சு வாங்க ஏறி வந்து படம் பிடித்துவிட்டு, நாங்கள் இரண்டாவது பழத்தைத் தொடுவதற்குள் இறங்கிப் போய்விட்டது.

ஏப்ரல் 20

ஒன்பது.

இந்தக் கரையிலிருந்து எண்ணினேன். அந்தக் கரைக்குப் போயும் எண்ணினேன். நாத்தனாரை எண்ணச் சொன்னேன். வேனில் பிள்ளைகளை எண்ணுவது போல விரலை ஆட்டி எண்ணினாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

அப்படியானால் படம்? தாளை எடுத்துப் பாலத்துக்கு நேரே பிடித்தேன். ஏழாவது கண்ணோடு படம் முடிகிறது. பக்க அகலத்துக்குப் பொருந்தவில்லை என்று வலது ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். படம் வெட்டும் மேசை என் மேசைக்கு அடுத்தது. நாள் முழுக்க அந்தக் கத்திச் சத்தம்தான் காதில். எனக்கு ஏன் தோன்றவில்லை?

"விடுங்க அண்ணி, ஏழுன்னே சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

தப்பு என்னுடையதுதான். ஆனால் முதலாளி சொன்ன காரணம் இல்லை. பள்ளிக்கூடம் போகாததால் வந்த தப்பு இல்லை இது. அச்சில் இருந்ததை அப்படியே நம்பியதால் வந்தது. அவரும் எவரோ எழுதிய கடிதத்தை அப்படித்தான் நம்பினார். போய் எண்ணியவள் நான் ஒருத்திதான்.

ஏப்ரல் 21, செவ்வாய்

காலையில் பெரியவன் ஃபோனில் கேட்டான். "எத்தனைம்மா? நீ சொன்ன ஏழுதானே?"

"ஒன்பதுடா."

மெதுவாக, "அப்ப கிளம்பி வந்துடறியாம்மா?" என்றான்.

"எதுக்கு? இன்னும் எட்டு நாள் இருக்கு. எத்தனை பக்கம் பாக்கி தெரியுமா?"

மெய்ப்பில் தெரியாமல் அடித்துவிட்ட சொல்லைத் திரும்பக் கொண்டுவர ஒரு வழி உண்டு. அதன் அடியில் வரிசையாகப் புள்ளி வைப்போம். அடித்தது செல்லாது, இருந்தபடியே இருக்கட்டும் என்று அர்த்தம். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் தாளை வைத்து, 'ஒன்பது' என்ற சொல்லுக்கு அடியில் புள்ளிகள் வைத்தேன். படத்தின் ஓரத்தில், 'வலப்பக்கம் வெட்டப்பட்டுள்ளது. நேரில் கண்டது' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

பிறகு ஆற்றுக்கு இறங்கினோம். எட்டாவது கண்ணுக்கு அடியில் நல்ல நிழல். அங்கேதான் சாப்பாட்டை விரித்தோம்.