குளியலறைச் சுவரில் இருந்த கம்பி

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும், தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை இந்த முறை தயங்குகிறது. உன் தங்கை குளியலறையில் விழுந்துவிட்டாள், மணிக்கட்டில் எலும்பு முறிவு, கட்டுப் போட்டிருக்கிறது, போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் கடிதம்.

எப்படி விழுந்தாள் என்று கேட்பாய். அவள் வேலை பார்த்த கிடங்கில் நடந்த விபத்துக்குப் பிறகு அவள் இடது கால் ஊன்ற முடியாமல் அப்படியேதான் இருக்கிறது, உனக்குத் தெரியும். நானும் அப்பாவும் போகிற புதன்கிழமைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசுகிற டீச்சரம்மா, அற்புதம் வேணும்னு கெஞ்சாதீங்க, கிடைச்சாச்சுன்னு நம்பி அப்படியே வாழுங்க என்றார். நான் கேட்டேன், கண்ணைத் துடைத்தேன், வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். உன் அப்பா குழாய் வேலைக்காரர் ஆயிற்றே, எதைக் கேட்டாலும் ஸ்பேனரை எடுத்தால்தான் அவருக்குத் திருப்தி. மகள் நடக்கப்போகிறாள் என்று நம்புகிறவன் வீட்டில் பிடித்து நடக்கக் கம்பி எதற்கு என்று, அவள் மதியம் தூங்கும்போது, எனக்குக்கூடச் சொல்லாமல், தான் மாட்டிய கைப்பிடிக் கம்பியைத் தானே கழற்றி, ஓட்டைகளை அடைத்து, வெள்ளையும் அடித்துவிட்டார். எழுந்து போனவள் பழக்கத்தில் கை நீட்டியிருக்கிறாள். தூக்கும்போது அவள் உள்ளங்கையெல்லாம் ஈர வெள்ளை.

அன்றிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. டீச்சரம்மா பார்க்க வந்தார், நான் கம்பியக் கழட்டச் சொல்லலியேம்மா என்றார். சொல்லவில்லைதான், ஆனாலும் எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன். நேற்று அப்பா டிரில்லை எடுத்துக்கொண்டு அந்தச் சுவர் முன்னால் நின்றார், சுவரில் வைப்பார், எடுப்பார், ஓட்டை போடவில்லை. உன் தங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அப்பா, போன தடவ உங்க உயரத்துக்கு மாட்டிட்டீங்க, இப்ப கொஞ்சம் கீழ வைங்க, அப்படியே அடுப்படியிலயும் ஒண்ணு போடுங்க, இனி நானே சமைக்கிறேன், எத்தனை நாள்தான் அம்மா சமையல்ல இருந்து உயிர் தப்பிக்கிறது என்றாள். அப்பா சிரிக்கவில்லை, தலையை ஆட்டிவிட்டுப் பென்சிலால் குறி போட்டார். இதுவரை அவள் தனக்கென்று எதையும் மாட்டச் சொல்லிக் கேட்டதில்லை, கொஞ்ச நாளைக்குத்தானே என்பாள். கால் இனி சரியாக வராது என்பதை எங்களுக்கு முன்னாலேயே அவள் ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுப்படிக்குப் போய் அழுதேன். டீச்சரம்மாவைக் கேட்டால் இதுவும் அற்புதம்தான் என்பார். இருக்கலாம். எனக்கு இது வேண்டாம்டா, நான் கேட்டது அவள் காலை.

இனி போனில் அவளிடம் இன்னைக்கு நடந்தியா என்று கேட்காதே, நீ போனை வைத்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறாள். என்ன சமைத்தாய் என்று கேள். நீயும் வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் ரொம்ப காலம் நன்றாக இருங்கள். மறக்காமல் உன் வீட்டுக் குளியலறைச் சுவரை அளந்து எழுது, தங்கை உன்னைப் பார்க்க வரும்போது வேண்டும், இப்போதே கம்பி வெட்டி வைக்கிறேன் என்கிறார் அப்பா.

இப்படிக்கு,
உன் அம்மா