நாற்பது மார்க்கு

அன்புள்ள செல்லிக்கு,

நீயும் காவியாவும் சுகந்தானே? செவலை மாடு கன்று போட்டதா?

ஆபரேஷனுக்குப் பிறகு நான் தேறி வேலைக்குப் போகிறேன். கிட்னியிலிருந்து இறங்கும் குழாயில் எடுத்த புற்றுக்கட்டிக்குச் சாயம் போட்டுப் பார்த்த ரிப்போர்ட் நேற்று வந்தது. நாற்பது சதவீதம் என்றிருந்தது.

"முப்பத்தஞ்சு தாண்டிருச்சே, பாஸுதானுங்களே டாக்டரம்மா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"அது கட்டி வளர்ற வேகங்க. இதுல கொறைச்சலா வந்தாத்தான் நல்லது" என்றார்.

திங்கட்கிழமை முதல் மருந்து ஏற்றுவார்களாம். ஓசூரில் குளிர் அதிகம். அஞ்செட்டி பஸ்ஸில் என் கம்பளியைக் கொடுத்துவிடு. முடிந்தால் நீயே எடுத்து வா.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. கணக்கில் நாற்பது வாங்கியதற்குக் காவியாவை அன்று திட்டிவிட்டேன். அப்பாவும் நாற்பதுதான், பாஸாகிவிட்டார் என்று மட்டும் அவளிடம் சொல்.

ஆஞ்சப்பன்