கடைமடைக்கு முதல் முறை

புரட்டாசி 9, செவ்வாய்

இன்று கூட்டத்தில் தூங்கிவிட்டேன். குறட்டையும் விட்டேனாம். விடியற்காலையில் வயலுக்குப் போய்வந்த அசதி.

ஒரு முதலாளி தன் சொந்தப் பணத்தில் நாட்டுக்காக சூப்பர் கம்ப்யூட்டர் கட்டுகிறார். அதைத் தமிழில் விளக்கி எழுத எனக்குச் சம்பளம். யாருடைய கணக்கு அதில் முதலில் ஓடுவது என்று இன்று சண்டை.

“பணம் போட்டது நான். என் கம்பெனி வேலை முடியட்டும், அப்புறம் மத்தவங்க வரட்டும்” என்றார் முதலாளி.

“புயல் காத்திருக்குமா சார்? எங்க ஊர்ல கூரை பறந்தப்புறம் புயல் எங்க வரும்னு கணக்கு வந்து என்ன பண்றது?” என்றாள் மெஷினை வடிவமைக்கும் கயல்விழி. வேதாரண்யத்துக்காரி.

அதுவரைதான் கேட்டது. பிறகு முதலாளி என்னை உலுக்கினார். “நீங்க என்ன சொல்றீங்க?”

கனவில் நான் யார் வயலுக்கு முதலில் தண்ணீர் என்ற வாய்க்கால் தகராறில் இருந்தேன். “கடைமடைக்குத்தாங்க முதல் முறை! தலைமடைக்காரன் எப்ப வேணா பாய்ச்சிக்கலாம்!” என்று கத்திவிட்டேன்.

முதலாளியும் சீர்காழிப் பக்கம் விவசாய வீட்டுப் பிள்ளை. சிரித்துவிட்டார். “சரி, புயல் கணக்குக்கே முதல் முறை. எழுதிக்கம்மா.”

வெளியே வந்ததும் கயல்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அண்ணே, தூங்குற மாதிரி நடிச்சீங்களா?” நான் மறுக்கவில்லை. அவள் வாங்கித் தந்த டீயையும் குடித்தேன்.

கண் சொருகுகிறது. எங்கள் வாய்க்காலில் என் வயல்தான் தலைமடை, தண்ணீர் முதலில் வந்து சேரும் இடம். இன்று வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல்களின் முறை. விடியற்காலையில் நான் போனது என் மடையைத் திறந்துவிடத்தான். இன்னும் அடைக்கவில்லை.