கண்ணில் கட்டுப் போட்டிருந்தவர் தேடி வந்தார்

என் பிரிய அம்மாவுக்கு,

இன்று காலை முதல் வேலையாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் உன் சிலுவையைத் துடைத்தேன். ஒரு வாரத்தில் அத்தனை கரித்தூசி. எண்ணூர்க் காற்று இறந்தவர்களையும் விடுவதில்லை. அடுத்த மாதம் உனக்கு முதலாண்டுப் பூசை. அதற்குள் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

போன வாரம் பஞ்சாபிலிருந்து ஒருவர், மகனோடு திருவொற்றியூரில் நம் வீடு தேடி வந்தார். அறுபதைத் தாண்டிய வயது. இடக்கண் இல்லை. இலங்கைக்குப் போன படையில் சிப்பாய். அங்கே ராணுவ ஆஸ்பத்திரியில் நீதான் அவருக்கு நர்ஸ். நீ இறந்ததை நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

அந்த வார்டைப் பற்றி நீ வீட்டில் பேசியதே இல்லை. அவர் சொன்னார். ஹெலிகாப்டர் இறங்க இறங்கப் படுக்கை போதாமல் தரையிலும் கிடத்துவார்களாம். நீ மண்டியிட்டு, ரத்தத்தில் ஊறிய பூட்ஸைக் கத்தரியால் வெட்டி எடுப்பாயாம். அவருக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. காய்ச்சலில் "மா, மா" என்று அரற்றியபோது நீ கையைப் பிடித்து, "நான்தான் பேட்டா, இங்கேதான் இருக்கேன்" என்று, மகனைக் கூப்பிடுவதுபோல, உன் இந்தியில் சொன்னாயாம்.

"அந்த இந்தியைக் கேட்டதுமே மதராஸ்காரி என்று தெரிந்துவிட்டது" என்று சிரித்தார். "ஆனாலும் கையை விடவில்லை."

கட்டைப் பிரிப்பதற்குள் அவரை விமானத்தில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். உன் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. ஒரு போட்டோ கேட்டார்.

வீட்டில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன், அம்மா.

நீ அங்கிருந்த இரண்டு வருடமும், அப்பாவும் இல்லாத வீட்டில், எனக்கும்தானே ஜுரம் வந்தது? ஒரே பிள்ளையாக வளர்ந்தவளுக்கு நாற்பது வயதில் இப்படியொரு பொறாமை வருமா?

அவர்கள் ஆட்டோ ஏறியதும் உன் தங்கை பிடித்துக்கொண்டாள். சின்னம்மாவுக்கு இப்போது நடைதான் தளர்ந்திருக்கிறது. வாய் அப்படியே இருக்கிறது.

"பீரோ நெறய போட்டோ கீது. இன்னாத்துக்குடி பொய் சொன்னே?"

"அது எங்கம்மா போட்டோ."

"அடடே! ரெண்டு வர்சம் நீ என்னிய அம்மான்னு கூப்ட்டுகினு கீந்தியே, நான் யாரு ஊட்டு அம்மா? அவ லீவுல வந்து நிக்கறா, அவ எதுருலயே என்னிய 'அம்மா, சோறு ஊட்டு'ன்ற நீ. அவளே தட்ட எட்துகினு வந்து என் கைல குட்தா."

எனக்கு அது நினைவே இல்லை. உனக்கு வலித்ததா? அன்று ராத்திரி என்ன நினைத்துக்கொண்டு படுத்தாய்? இருந்தபோது கேட்கத் தெரியவில்லை.

சின்னம்மாவிடம்கூட இதை இன்னும் சொல்லவில்லை. இன்று சாயங்காலம் அந்தப் பஞ்சாப்காரருக்குப் போன் செய்து, பொய் சொன்னேன் என்று சொல்லப் போகிறேன். யூனிபார்மில் நீ நிற்கும் படத்தை அனுப்புவேன். பூசைக்கு வரச் சொல்வேன். வந்தால், கோவிலில் பிள்ளைகள் உட்காரும் முதல் பெஞ்சில் எனக்கு முந்தின இடத்தில் அவர் உட்காருவார். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் இளைய பிள்ளை