என் பேரில் வாங்கிய மாத்திரை

ஓமலூர்,
14.11.1983

ராய்ப்பூர் பக்கம் ரிக்கு வண்டியோடு அலையும் என் அன்பு அண்ணன் சின்னுசாமிக்கு, தங்கை சௌந்திரம் வணக்கத்தோடு எழுதுவது. கிணற்றுக்குப் போர் போடும் இடத்தில் வேளைக்குச் சோறு கிடைக்கிறதா? அண்ணியும் பிள்ளைகளும் திருச்செங்கோட்டில் சுகமாக இருப்பதாகச் சந்தைக்கு வந்தவர்கள் சொன்னார்கள்.

இதற்கு முன்னால் என் மாமியார் கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்கும். தையல்கடை செல்லமுத்துதான் எழுதிக் கொடுத்தார். எழுதிவிட்டு மனசு கேட்காமல் என்னிடமும் வந்து சொல்லிவிட்டார். உங்கள் தங்கைக்குப் புத்தி பேதலித்துவிட்டது, சேலம் பெரியாஸ்பத்திரியில் வைத்தியம் நடக்கிறது, தை பிறப்பதற்குள் வந்து கூட்டிப் போய்விடுங்கள் என்று எழுதியிருக்கிறதாம். வைத்தியம் நடப்பது உண்மைதான். ஆனால் வியாதி எனக்கில்லை அண்ணா, உங்கள் மாப்பிள்ளைக்கு.

ஆடியில் ஆரம்பித்தது. மில்லில் ஓடுகிற மிஷினெல்லாம் தன்னைப் பற்றித்தான் பேசுகிறது என்றார். நான் சிரித்தேன், கேலி என்று நினைத்து. பிறகு தண்ணீரில் மேஸ்திரி மருந்து கலக்கிறான் என்று குடிக்காமல் கிடந்தார். வீட்டுக்கு வந்தால் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு சுவரில் காதை வைத்து நிற்பார். யாருக்கும் தெரியாமல் கயிறு கட்டினேன், கோழி அறுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டரிடம் நான் மட்டும் போய் நாசூக்காகக் கேட்டேன். இதற்கு மனசு டாக்டர்தான் பார்க்க வேண்டும், அப்படி யாரும் இங்கே இல்லை என்றார். ஆத்தூரில் ஒருத்தர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பஸ் ஏறிப் போனேன். மில்லில் கொடுத்த ஈ.எஸ்.ஐ. கார்டை நீட்டியதும், இது இங்கே செல்லாதும்மா என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். சேலத்தில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருப்பவரும் அதையேதான் சொன்னார். கடைசியில் பெரியாஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை தோறும் ஒரு டாக்டர் வருகிறார், டிஸ்பென்சரி சீட்டோடு போனால் கார்டிலேயே பார்ப்பார் என்று தெரிந்தது. எனக்குத் தெய்வத்தையே கண்ட மாதிரி இருந்தது.

ஆனால் தொழிலாளி பேரில் சீட்டு எழுதினால் லீவுக்காக அது மில் ஆபீசுக்கும் போகும். போன வருஷம் அவர் செக்‌ஷனில் செங்கோடன் என்பவருக்கு அப்படிப் போயிற்று. திரும்பி வந்தவரை மிஷின் பக்கமே விடவில்லை. கூட வேலை செய்தவர்களே மெண்டல் என்று கூப்பிட்டார்கள். இப்போது அவருக்கு வேலையும் இல்லை. இதைச் சொல்லி உங்கள் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “எம் பேருல சீட்டு வேண்டாஞ் சௌந்திரம். பொழப்பே போயிருமுங்க” என்றார். கட்டிய பெண்டாட்டியை வாங்க போங்க என்கிற நிலைக்கு அவர் பயம் போயிருந்தது.

கார்டில் பெண்டாட்டிக்கும் வைத்தியம் உண்டு. அந்தச் சீட்டு மில்லுக்குப் போகாது. அதனால் நான் போனேன். அவருக்கு இருந்ததையெல்லாம் எனக்கு இருப்பதாகச் சொன்னேன். மிஷின் பேசுகிறது என்றேன். வீட்டில் இருக்கிற பொம்பளைக்கு என்ன மிஷினம்மா என்று டாக்டர் கேட்டார். மாவு மிஷின் என்று சொல்லித் தப்பித்தேன். மாத்திரை கொடுத்தார். வீட்டில் மாத்திரையால் அவர் கை நடுங்கினால், அடுத்த வியாழக்கிழமை டாக்டர் முன்னால் என் கையை நடுங்க வைத்துக் காட்டுவேன். அந்தக் கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மாத்திரை வேலை செய்தது அண்ணா. தூங்கினார். சவரம் செய்துகொண்டார். பாப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். நான் அடுப்படியில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேன்.

பெரியாஸ்பத்திரி வரிசையில் என்னைப் பார்த்த பக்கத்து வீட்டு ராஜம்மாள், அதை என் மாமியாரிடம் சொல்லிவிட்டாள். அத்தை ஊரிலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள். நான் வடித்த சோற்றை இப்போது யாரும் தொடுவதில்லை. பாப்பாவை என்னிடம் படுக்க விடுவதில்லை. மகனுக்கு வேறு பெண் பார்க்கவும் பேச்சு நடக்கிறது. அத்தை ஒருநாள் எல்லார் முன்னாலும் இதைச் சொன்னபோது நான் உங்கள் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னார். “மாத்திரைய நிறுத்தாமச் சாப்புடு, சரியாப் போயிரும்” என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பயத்தில் சொன்னாரா, அப்படியே நம்பிவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னமும் என் கையால்தான் மாத்திரை வாங்கி விழுங்குகிறார். முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். வேலை போனால் கார்டு போகும், கார்டு போனால் மாத்திரையும் போகும். சொல்லாவிட்டால் என்னை அனுப்பிவிடுவார்கள். அப்புறம் என் பேரில் இருக்கிற மாத்திரையை யார் போய் வாங்குவது? என்னைத் துரத்துகிறவர்களுக்கு இது தெரியாது.

பொறுக்க முடியாமல் போன வியாழக்கிழமை டாக்டரிடமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆபீசுக்குச் சொல்லிவிடாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை, என் வீட்டுக்காரருக்குத்தான் என்றேன். தங்கமான மனுஷன், பொறுமையாகக் கேட்டார். சரிம்மா, சரிம்மா என்றார். பிறகு மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கவே மனசு வரவில்லை.

இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்துப் போட்டேன். காரணம் சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியக்காரி எழுதின மாதிரி இருந்தது. நான் பைத்தியமில்லை என்று ஒருத்தி எப்படித்தான் எழுதுவது?

என்னைக் கூட்டிப் போக வராதீர்கள் அண்ணா. வந்தால், தங்கச்சி இங்கேயே இருக்கட்டும், வைத்தியத்தை நடுவில் விடக்கூடாது என்று அத்தையிடம் சொல்லுங்கள். வியாழக்கிழமை சேலம் போகத் தடை செய்யாமல் இருந்தால் போதும். அவர் தேறுகிற வரைக்கும் நான் பைத்தியமாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

அத்தைக்கு நீங்கள் என்ன பதில் வேண்டுமானாலும் எழுதுங்கள். எனக்குத் தனியாக, செல்லமுத்து கடை விலாசத்துக்கு, ‘உன்னை நம்புகிறேன்’ என்று ஒரு வரி போடுங்கள். நம்பாவிட்டாலும் போடுங்கள்.

அர்த்தநாரீஸ்வரர் உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

உங்கள் தங்கை,
அ. சௌந்திரம்