சேவல் இல்லாத பண்ணை

ஜனவரி 12

மதிப்பிற்குரிய பதிப்பாளர் அம்மாவுக்கு,

வணக்கம். என் கவிதைகளைப் புத்தகமாகப் போடுவதாக நீங்கள் எழுதியதைப் படித்த சந்தோஷத்தில் ஒரு முட்டையை உடைத்துவிட்டேன். மேஸ்திரி திட்டவில்லை. "கவிராயருக்கு ஒரு முட்டை மன்னிப்பு" என்றார். எட்டாம் வகுப்போடு நின்று, பண்ணை முட்டைகளை உள்ளே கெட்டிருக்கிறதா என்று விளக்கில் பிடித்துப் பார்த்துப் பிரிக்கிறவளை நம்பியிருக்கிறீர்கள். நன்றி சொல்ல உங்கள் வாசல்வரை வந்தேன். கதவைத் தட்டாமலே திரும்பிவிட்டேன். கோபிக்காதீர்கள்.

இப்படிக்கு,
முட்டைக்காரப் பெண்

பிப்ரவரி 20

அன்புள்ள அம்மாவுக்கு,

அச்சுப்படி கிடைத்தது. மதியச் சாப்பாட்டின்போது எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். விளக்குக் கவிதையை நான் இப்படி முடித்திருந்தேன்:

'விளக்கில் பிடித்தேன்,
உள்ளே வெளிச்சம் மட்டும்.'

நீங்கள் 'உள்ளே ஒரு குஞ்சு தாயைத் தேடி அழுதது' என்று மாற்றியிருக்கிறீர்கள். பெட்டி கட்டும் அக்காவுக்குப் புரையேறிவிட்டது. "ஏண்டி, நம்ம பண்ணையில சேவலே கிடையாது. குஞ்சு எங்கேருந்துடி வந்துச்சு?" என்றார். இது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த ஒரு வரியை மட்டும் பழையபடி வையுங்கள் அம்மா.

முட்டைக்காரப் பெண்

மார்ச் 2

அன்பு மகளே,

சேவல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? வாசிக்கிறவர்கள் கண் கலங்க வேண்டும். உன்னைப்போல் கஷ்டப்படுகிற பெண் நிம்மதியாக எழுதினால் யார் நம்புவார்கள்? உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். அந்த வரி இருந்தால்தான் புத்தகம். யோசித்து எழுது.

உன் நலம் நாடும்
அம்மா

மார்ச் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

மூன்று நாள் யோசித்தேன். "ஒரு குஞ்சுதானேடி, இருந்துட்டுப் போகட்டும்" என்று அக்கா சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அத எங்ககிட்ட வாசிக்காத, சிரிச்சுடுவோம்" என்றார். எனக்கு அதிலேயே பதில் கிடைத்துவிட்டது.

புத்தகம் வேண்டாம் அம்மா. என் கவிதை நோட்டை மட்டும் திருப்பி அனுப்புங்கள். வருத்தம் இல்லை. என் எழுத்தை அச்சில் முதலில் காட்டியது நீங்கள்தான். அந்தத் தாளில் உங்கள் வரியை அடித்து என் வரியை எழுதி, விளக்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். மேஸ்திரிகூட நின்று வாசித்துவிட்டுத்தான் போகிறார்.

இத்துடன் ஓர் அட்டை முட்டை அனுப்புகிறேன். முப்பதையும் நானே விளக்கில் பார்த்தேன். ஒன்றிலும் குஞ்சு இல்லை. பயப்படாமல் உடையுங்கள்.

என்றும் அன்புடன்,
முட்டைக்காரப் பெண்